மழை யாருக்குக் கூலி?

கூத்தில் ராஜா கொலுவில் வந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மந்திரி, நம் நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா?" கட்டியங்காரன் விடமாட்டான். "ஏன் மகாராஜா, நீங்க அரமனையவிட்டு வெளியவே வர்றதில்லையா?" என்பான். கூட்டம் சிரிக்கும். சிரித்தாலும் ராஜா எதை விசாரிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தன் செங்கோலைத்தான். மழை பெய்தால் ஆட்சி நேர். பொய்த்தால் எங்கோ கோணல்.

தமிழாசிரியையாக வேலை பார்த்த காலமெல்லாம் இந்த நம்பிக்கையைத்தான் பாடமாக நடத்தினேன். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. பத்தினி சொன்னால் மழை பெய்யும் என்று ஒரு குறள், மன்னன் முறை தவறினால் மேகம் பெய்யாது என்று இன்னொரு குறள். நல்லவர் ஒருவர் இருந்தால் அவர் பொருட்டு எல்லோருக்கும் மழை என்று மூதுரை. பிள்ளைகள் ஒப்பித்தார்கள், மார்க் வாங்கினார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து, "அப்போ எங்க ஊர்ல நல்லவங்க யாருமே இல்லையா டீச்சர்?" என்றான். பனையேறி வீட்டுப் பிள்ளை. வீடு தேரிக்காட்டு ஓரம்.

திருச்செந்தூருக்கு மேற்கே கிடக்கும் குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்களுக்குப் பையன் கேட்டது புரியும். செக்கச்செவேல் என்று மணல், மேடு மேடாக. ஆடிக் காற்றில் நேற்றைய தடம் இன்றைக்கு இருக்காது. பனை, கொல்லாமரம், உடைமுள் தவிர வேறொன்றும் எளிதில் வேர் பிடிக்காது. அந்த மணலுக்கு நடுவே வற்றாத ஒரு சுனை, அதற்குக் காவலாக அருஞ்சுனை காத்த அய்யனார். முன்பு அது செழித்த பூமி என்றும், செய்யாத குற்றத்துக்கு ஒரு பெண்ணை ராஜா தண்டித்தான் என்றும், அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து ஊரே மூடிப்போனது என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள்.

மண்மாரி பெய்தது என்பதில் மண்ணியல்காரர்களுக்கும் சம்மதமே. தேரி மணல் வறண்ட காலத்தில் காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டியது. அந்த மணலில் கிடைக்கும் கற்காலச் சிறு கருவிகளைப் பற்றித் தொல்லியலாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் 1956-லேயே எழுதிவிட்டார்கள். ராஜா, மந்திரி, கொலு எல்லாவற்றுக்கும் வெகுகாலம் முந்திய காற்று அது. எனக்கு உறுத்துவது கதையின் நீதி. தப்பு செய்தவன் ராஜா. மணலில் கிடந்து அல்லாடுவது அவனைக் கண்ணால்கூடப் பார்க்காத பனையேறி.

இப்போது மகள் குடும்பத்தோடு எனக்குப் புனேயின் பாணேரில் வாசம். காலையில் டேக்டி என்கிற குன்றில் ஏறி துகாயி அம்மனைக் கும்பிட்டுவிட்டு இறங்குவேன். குன்றுக்கு அந்தப் பக்கம் பாஷாண். மழையை ஆராய்வதற்கென்றே 1962-ல் தொடங்கிய இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. குன்றின் இந்தச் சரிவில் மழைக்குக் கும்பிடுகிறார்கள், அந்தச் சரிவில் மழையைக் கணக்கிடுகிறார்கள்.

மகளைக் கொடுத்தது மராட்டிய வீட்டில். சம்பந்தியம்மாவை எங்கள் வழக்கப்படி மதினி என்கிறேன். அவர் என்னைத் தாயி என்கிறார், மராத்தியில் அக்கா. பண்டரிபுரத்துக்குப் பக்கத்து மங்கள்வேடேக்காரர். பண்டரிபுரத்து விட்டலைக் கும்பிடும் வார்க்கரிக் குடும்பம், கழுத்தில் துளசி மாலை. ஒரு ஜூன் மாதம், மழை தொடங்க வேண்டிய மிருக நட்சத்திரம் பிறந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. எங்கள் குடியிருப்புச் சொசைட்டி வாசலில் தண்ணீர் டேங்கர்கள் வரிசை கட்டி நின்றன. மதினி ஜன்னலில் நின்றபடி, "பாவம் ஏறிப்போச்சு தாயி. மழை எப்படி வரும்?" என்றார். அவருக்கு நான் சொல்லத் தொடங்கிய பதில்தான் இந்தக் கட்டுரை.

என் முதல் சாட்சி, மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில் லோணார் என்று ஓர் ஏரி. விண்கல் விழுந்து கரும்பாறையில் ஏற்பட்ட பள்ளம், ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் அகலம். வயது 50,000 ஆண்டு என்று ஒரு கணிப்பு, 5,70,000 என்று இன்னொரு கணிப்பு. லவணாசுரன் என்ற அரக்கன் பூமிக்குள் ஒளிந்திருந்தான், விஷ்ணு மூடியைத் தள்ளிவிட்டு அவனைக் கொன்றார், அந்தக் குழிதான் ஏரி என்பது தலபுராணம். மேலே ஊருக்குள் அந்த விஷ்ணுவுக்குத் தைத்யசூதனர் கோவில். பள்ளத்துக்குள் இறங்கினால் கரையில் கமலஜா தேவி. விளிம்பில் கோமுகத்திலிருந்து நல்ல தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. கீழே ஏரித் தண்ணீரோ கடுங்காரம், வாயில் வைக்க முடியாது. கோடையில் நீர் விலகிய இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும், அழுகல் வாடை மூக்கைப் பிடிக்க வைக்கும். 2020 ஜூனில் தண்ணீரே இளஞ்சிவப்பாக மாறியது. உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் கண்டு சொன்னது.

லோணார் தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. மழையும் ஊற்றும் கொண்டுவருவது வரவு, வெயில் குடிப்பது செலவு. அதனால் அந்த ஏரியின் சேறு ஒரு கணக்குப் புத்தகம். நல்ல மழை பெய்த வருஷங்களில் சுற்றுச் சரிவிலிருந்து மண் அதிகம் கரைந்து வந்து படியும். மழை குறைந்து தண்ணீர் சுண்டச் சுண்ட, காரம் ஏறி, சேற்றுக்குள்ளேயே கேலுசைட் என்ற படிகம் வளரும். சோடியமும் கால்சியமும் கார்பனேட்டும் நீரும் சேர்ந்த படிகம் அது. படிகம் கண்ட இடத்தில் ஏரி வற்றியிருந்தது என்று வாசிக்கலாம்.

2008-ல் இந்திய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஏரியின் அடியில் குழாய் இறக்கி ஏறக்குறைய பத்து மீட்டர் நீளத்துக்குச் சேற்றை எடுத்தார்கள். அதில் 11,000 ஆண்டுகள் இருந்தன. கேலுசைட் இரண்டு இடங்களில் திரண்டிருந்தது. ஒன்று, இன்றைக்கு 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன். மற்றது, 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன். இவ்விரண்டும் நீண்ட வறட்சிக் காலங்கள் என்று அவர்கள் 2014-ல் எழுதினார்கள்.

லோணார் மட்டும் தனியாகச் சாட்சி சொல்லவில்லை. நீலகிரியில் சாண்டிநல்லா பள்ளத்தாக்குச் சதுப்பின் மக்கிய புல்லையும் இலையையும் சோதித்து, 20,000 ஆண்டுகளில் எப்போது புல் ஓங்கியது, எப்போது மரம் ஓங்கியது என்று ஆர். சுகுமாரும் உடன் உழைத்தவர்களும் 1993-ல் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் பாஷாண் நிறுவனத்தின் ஜி.பி. பந்த். கேரளத் தேக்குகளின் வளையங்களை எண்ணி 523 ஆண்டு வறட்சிக் குறிப்பைத் தொகுத்ததும் பாஷாண்காரர்கள்தான். புனே மாவட்டத்துப் போரி கிராமத்தில் குகடி ஆற்றங்கரையில் ஒரு சாம்பல் படுகை கிடக்கிறது. சுமத்ராவில் தோபா எரிமலை ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல், காற்றில் கடல் தாண்டி வந்து விழுந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. அந்த மண்மாரிக்கு எந்த ராஜாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

லோணார் சேற்றின் இரண்டாவது வறட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டித் தொடங்கி பதினான்காம் நூற்றாண்டு வரை. அந்த 1,400 ஆண்டுகளில் இந்தத் தக்காணத்தில் என்ன நடந்தது? ஐந்தாம் நூற்றாண்டில் அஜந்தாவில் ஓவியம் தீட்டினார்கள். எட்டாம் நூற்றாண்டில் எல்லோராவில் ஒரு மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து கைலாசநாதர் கோவில் ஆக்கினார்கள். 1290-ல் நேவாசாவில் ஞானேஸ்வரர் கீதைக்கு மராத்தியில் உரை சொன்னார். நாமதேவர் பாடினார். வற்றிய லோணாரின் விளிம்பிலேயே தைத்யசூதனர் கோவில் எழுந்தது. மழை நல்லவர்களுக்குக் கூலி என்றால், இவர்கள் எல்லோரும் கூலி மறுக்கப்பட்டவர்கள். இவர்களைப் பாவிகள் என்று சொல்ல மதினிக்கும் வாய் வராது, எனக்கும் வராது. தாங்கள் வறட்சியில் வாழ்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பாட்டன் காலத்திலும் அவ்வளவுதான் பெய்தது.

மறுபக்கமும் இருக்கிறது. ஏரியின் கணக்கில் அந்த நீண்ட வறட்சி முடிகிறது. முடிந்த பிறகுதான் 1396 முதல் 1407 வரை பன்னிரண்டு ஆண்டு நீடித்ததாகத் தக்காணம் நினைவு வைத்திருக்கும் துர்காதேவிப் பஞ்சம் வருகிறது. 1630 முதல் 1632 வரை இன்னொரு கொடும்பஞ்சம். பத்து மீட்டரில் 11,000 ஆண்டு என்றால் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் சேற்றில் பதினோரு வருஷம். துர்காதேவிப் பஞ்சம் முழுவதும் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். 1630-ன் பஞ்சம் இரண்டு மில்லிமீட்டர்.

அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் தேஹு என்ற ஊரில் ஒரு குடும்பம் இருந்தது. பாணேரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். மளிகையும் வட்டிக்கடையும் நடத்திய குடும்பம். பஞ்சத்தில் கடை நொடித்தது. மூத்த மனைவி பசியில் இறந்தாள், பிள்ளையும் போனான். பிழைத்த கணவர்தான் துக்காராம். தன் பங்குக் கடன் பத்திரங்களை இந்திராயணி ஆற்றில் விட்டுவிட்டார் என்பது மரபுச் செய்தி. ஓர் அபங்கத்தில் அவர் தெய்வத்திடம் சொல்கிறார்: திவாலானதும் நல்லது, பஞ்சம் வாட்டியதும் நல்லது, அதனால்தான் உன்னிடம் வந்தேன் என்ற பொருளில்.

இந்த இடத்தில் பல காலமாக எனக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது. பசியில் செத்தவளை வைத்துக்கொண்டு நல்லது என்று ஒருவர் எப்படிச் சொல்லலாம்? இப்போது எனக்குப் படுவது இது. அவர் சொல்லலாம். தன் பஞ்சத்துக்குத் தானே ஒரு பொருள் தேடிக்கொள்ள, பட்டவருக்கு உரிமை உண்டு. அதே வாக்கியத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் துக்காராமிடம் வந்து சொல்லியிருந்தால் அது பாதகம். "உன் வினை, அதுதான் மழை இல்லை" என்பதும் அப்படித்தான். நானே என் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் அது பக்தி. அடுத்தவர் வயலைக் காட்டிச் சொன்னால் அது தீர்ப்பு. தேரிக்காட்டுப் பையன் கேட்டது அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான்.

அப்படியானால் வறட்சியில் தெய்வத்துக்கு வேலை என்ன? நம் கதைகளையே கேட்டுப் பார்க்கலாம். மதினியின் ஊர்க் கதை தாமாஜி. பதினைந்தாம் நூற்றாண்டு, பீதர் சுல்தானின் அதிகாரி. பஞ்சத்தில் மங்கள்வேடே களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். சுல்தான் அவரைப் பிடித்துவர ஆள் அனுப்பினான். அதற்குள் விட்டலே மகார் சாதி ஆளாக வேஷம் போட்டு, தர்பாருக்குள் போய், தானியத்தின் விலையைப் பொன்னாகக் கொட்டி ரசீது வாங்கிக்கொண்டார். கதையில் மழை பெய்யவே இல்லை. பெய்ய வைக்க முடியாதவரா விட்டல்? அவர் வந்தது தானியக் கடனை அடைக்க.

திருவீழிமிழலையிலும் பஞ்சம். சம்பந்தருக்கும் அப்பருக்கும் சிவன் கொடுத்தது மேகம் அல்ல, படிக்காசு. அதைக் கொண்டு சோறு வாங்கி அடியார்களுக்குப் போட்டார்கள். மணிமேகலை இன்னும் ஒருபடி மேலே போகிறது. பன்னிரண்டு ஆண்டு மழையில்லாத பாண்டிய நாட்டில் ஆபுத்திரன் அமுதசுரபியை வைத்துக்கொண்டு வந்தவர்க்கெல்லாம் சோறு போடுகிறான். இந்திரன் வந்து, உனக்கு என்ன வேண்டும் என்கிறான். பசியாறிய முகத்தைப் பார்க்கிற எனக்கு நீ என்ன தரப்போகிறாய் என்று ஆபுத்திரன் சிரிக்கிறான். இந்திரனுக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் என்ன செய்கிறான்? மழை பெய்ய வைக்கிறான். நாடு செழிக்கிறது, பாத்திரம் ஏந்தி வருவார் இல்லை, ஆபுத்திரனுக்கு வேலை போய்விடுகிறது. புண்ணியத்துக்குக் கூலியாக மழை என்று பாடம் நடத்திய எனக்கு, ஒரு தேவனின் ரோஷத்தால் பெய்த மழையைப் பாடியதும் தமிழ்தான் என்பதில் தனி மகிழ்ச்சி.

எதிர்சாட்சியை மறைக்கக் கூடாது. திருப்புன்கூரில் மழை பெய்யப் பன்னிரண்டு வேலி நிலம், பெய்த மழை நிற்க இன்னும் பன்னிரண்டு வேலி என்று சிவன் பெற்றுக்கொண்டதைச் சுந்தரர் பாடியிருக்கிறார். கேட்டு மழை வாங்கிய கதைகளும் நம்மிடம் உண்டு. ஆனால் பஞ்சத்தின் நடுவே நின்று சொல்லப்பட்ட கதைகளில் தெய்வம் பெரும்பாலும் களஞ்சியத்துப் பக்கம்தான் வருகிறது.

களஞ்சியம் கதைகளில் மட்டும் இல்லை. புனேக்குக் கிழக்கே கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ். டெக்கான் காலேஜ்காரர்கள் 1968-லிருந்து பல ஆண்டுகள் தோண்டிய மூவாயிரம் ஆண்டுப் பழைய விவசாயக் கிராமம். அங்கே ஒரு வீட்டுத் தரைக்கடியில் களிமண் பெட்டி ஒன்றில் சுடாத மண்ணால் செய்த தலையில்லாத பெண் உருவம், கூடவே ஒரு காளை. இன்னோர் இடத்தில் ஊர்த் தலைவருடையது என்று கருதப்படும் பல அறை வீடு, அதை ஒட்டித் தானியக் களஞ்சியம். கி.மு. 1000-ஐ ஒட்டி மழை குறைந்து அந்த மக்கள் நொடித்தார்கள் என்று அகழ்ந்தவர்கள் சொன்னார்கள். லோணார் படிகங்களின் தேதியோடு அது ஒத்துவரவில்லை. ஏரிக்கு ஏரி, ஆற்றுக்கு ஆறு கணக்கு மாறும். நம் தமிழ்நாட்டு ஐப்பசி கார்த்திகை மழைக்கு லோணார் சாட்சியே ஆகாது. ஆனால் அம்மனும் களஞ்சியமும் ஒரே ஊரில் இருந்தன. அந்த மனிதர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் நம்பவில்லை.

பின் மழை ஏன் கூடிக் குறைகிறது? பூமியின் அச்சு பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்லச் சுழல்வதால் கோடை வெயிலின் வலு கூடிக் குறைகிறது. பசிபிக்கின் வெதுநீர் இடம் மாறுகிறது. மழையின் நீண்ட ஏற்ற இறக்கத்துக்கு இப்படிப்பட்ட காரணங்களைத்தான் காட்டுகிறார்கள். செங்கோலுக்கு அதில் இடமே இல்லாமல் இருந்தது. இப்போது வந்துவிட்டது என்பதுதான் விபரீதம். பாஷாண் விஞ்ஞானிகள் முன்னின்று தயாரித்து 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிக்கைப்படி, 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. மனிதர் கிளப்பிய புகையும் தூசும் அதற்கு முக்கியக் காரணம். மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் பெருமழைகள் 1950-லிருந்து சுமார் 75 சதவீதம் கூடியிருக்கின்றன. மனிதர் செய்வது மழையை மாற்றும் என்ற பழைய பாடம் ஒரு வகையில் மெய்யாகிவிட்டது. ஆனால் செய்தவர் ஒருவர், நனைபவரும் காய்பவரும் வேறொருவர். தேரிக்கதையின் கோணல் நீதி அப்படியே நடக்கிறது. மதினி சொன்ன பாவம் ஏறியிருப்பது உண்மையானால், அதில் எங்கள் ஏ.சி.க்கும் கார்களுக்கும் உள்ள பங்கு, மங்கள்வேடே சோளக்காட்டுக்காரருக்கு இல்லை.

இவ்வளவையும் சில நாட்களாகத் தவணை முறையில் மதினிக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர் 1972-க்குப் போய்விட்டார். மகாராஷ்டிரத்தைப் புரட்டிப்போட்ட வறட்சி அது. அவர் சிறுமி. அம்மா சாலை வேலையில் கல் உடைத்தார். வேலைத் தளத்தில் பிள்ளைகளுக்குச் சுகடி என்ற சத்துமாவு கொடுத்தார்கள். ரேஷனில் கப்பலில் வந்த சிவப்பு மைலோ சோளம். "வாயில வைக்க வெளங்காது தாயி. ஆனா எங்க தெருவுல யாரும் சாகல." அந்த வறட்சியில் வளர்ந்த வேலை உறுதித் திட்டம் 1977-ல் மாநிலச் சட்டமானது. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்த வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி.

"பாருங்க மதினி, மழை பொய்த்தது, ஆனா பஞ்சம் வரல. மனுஷங்க செஞ்சது" என்றேன்.

"செஞ்சது மனுஷங்கதான். செய்யணும்னு அவங்களுக்குத் தோண வச்சது யாரு?" என்றார்.

அந்த இடத்தில் நான் மதினியோடு மல்லுக்கு நிற்பதில்லை. அதற்கு லோணார் சேற்றில் விடை கிடைக்காது, பாஷாணிலும் கிடைக்காது. அவர் விட்டல் என்பார், நான் மனசாட்சி என்பேன். ஆனால் மழைக்குக் கும்பிடுகிறவர்கள் களஞ்சியத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எங்கள் சொசைட்டிக்கு டேங்கர் வருகிறது. எதிரே கட்டிடத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகளுக்கு வருவதில்லை. அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் கேட்பதாக இருக்கிறோம். மராத்தியில் மதினி பேசுவார். எதிர்ப்பு வந்தால் தாமாஜி கதையை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.